நாலு பேருக்கான வீடு

அல்லிக்குளம் நகரில் ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் வருகிறோம் என்று வாயால் சொல்லி முன்பணம் கொடுக்கிறோமோ அத்தனை பேரைத்தான் அந்த வீடு உள்ளே வைத்துக்கொள்ளும் என்கிற விஷயம் இசக்கிராஜனுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அவன் நாலு என்றுதான் சொல்லியிருப்பான். அதுவும் அவனுக்கே தெரியும் என்பதால்தான் பிற்பாடு பல வேளை அவன் பாதிச் சோற்றில் எழுந்துபோனான்.

சங்கரன்கோவிலில் அவன் பார்த்துக்கொண்டிருந்த பார்சல் சர்வீஸ் கிளையை மூடிவிட்டு, நிர்வாகம் அவனைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னபோது வீட்டில் ஐந்து பேர். அவன், மனைவி பிரமிளா, எட்டாவது போகப்போகும் மூத்தவள் நிவேதினி, இரண்டாவது போகப்போகும் சின்னவள் தாரிகா, அப்புறம் ஆவுடையக்கா. அக்கா அவனுக்குப் பதினாலு வயது மூத்தவள். அம்மா போன பிறகு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய் அவனைப் படிக்கவைத்தவள், தம்பி படிப்பு முடியட்டும் முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, கடைசியில் தள்ளிப் போடவும் ஒன்றுமில்லை என்று ஆனதும் சிரித்துவிட்டு அவனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பியவள். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் இசக்கிராஜனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்பதற்கு அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ரயிலுக்குப் பக்கத்தில் பார் என்றார் ஒருவர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார் என்றார் இன்னொருவர், மழைக்குப் படகு வராத இடமாகப் பார் என்றார் ஏற்கெனவே படகில் ஏறிய ஒருவர். அக்காவுக்கு இந்த யோசனையெல்லாம் தேவைப்படவில்லை. ஊரிலிருந்து ரயிலேறி வந்து அவனோடு தெருத்தெருவாக அலைந்து, அவன் அறையையும் அலமாரியையும் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவள் நேராக அடுக்களைக்குள் போய், குழாயைத் திறந்து, ஒரு கை தண்ணீரைப் பிடித்து வாயில் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி நிற்பாள். “இது உப்பு, பிள்ளைக தலைமுடி பூரா கொட்டிரும்” என்பாள். “இதுல இரும்பு கிடக்கு, யூனிபாரம் மஞ்சளாயிரும்” என்பாள். அவள் நாக்கு சொல்லி ஒரு வீட்டை வேண்டாமென்று விட்டால் அந்தத் தெருக்காரர்களே, ஆமாங்க, இங்கே தண்ணி சரியில்லைதான் என்று தலையாட்டுவார்கள்.

தண்ணீர் சரியாக இருந்த வீடுகளில் வீட்டுக்காரர்கள் சரியாக இல்லை. எத்தனை பேர் என்று கேட்பார்கள், இவன் அஞ்சு பேர், அக்காவும் கூட இருக்காங்க என்பான், உடனே அவர்கள் முகத்தில் ஒரு சின்ன இருட்டு வந்து போகும். அக்கா நிரந்தரமாவா என்பார் ஒருவர். எங்க மோட்டார் நாலு பேருக்கு மேல தாங்காது என்பார் இன்னொருவர். அக்கா இருந்தா அக்காவைப் பார்க்க நாலு பேர் வருவாங்களே என்று மூன்றாவது ஆள் பேசாமலே யோசிப்பது இவனுக்குக் கேட்கும். இப்படியே ஏறி இறங்கி மே மாதம் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, பிரமிளா போனில் ஒவ்வொரு நாளும் என்னாச்சு என்னாச்சு என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

அப்படித்தான் அல்லிக்குளம் நகருக்கு வந்தார்கள். நகரத்தின் தெற்கு ஓரத்தில், பேருந்து திரும்பி நிற்கிற இடத்தில், ஒரு காலத்தில் குளமாக இருந்து பிறகு பேரில் மட்டும் குளத்தை வைத்துக்கொண்ட இடம். தெரு நெடுக புங்கமரம், முக்கு திரும்பினால் பள்ளிக்கூடம், மாடியில் காற்றோட்டமான வீடு. அக்கா குழாயைத் திறந்து ஒரு கை குடித்தாள். கண்ணை மூடினாள். பிறகு இன்னொரு கை பிடித்துக் குடித்தாள். இரண்டாம் கை குடித்து இசக்கிராஜன் பார்த்ததே இல்லை.

“ஏல இசக்கி, இந்த வீட்ட மட்டும் விட்டுராத” என்றாள். “கற்கண்டு கரைச்ச மாதிரி இருக்கு. பிள்ளைகளுக்கு ஒரு சளி இருமல் அண்டாது.”

அவன் அவளை மாடியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தான். வீட்டுக்கார அம்மாள் மரகதவல்லி, முற்றத்தில் நாற்காலி போட்டு முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாடகை பேசினார்கள், முன்பணம் பேசினார்கள், எல்லாம் ஒத்துவந்தது. கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் அந்த அம்மாள் கேட்டாள்.

“எத்தனை பேர் தம்பி?”

“நாலு பேரும்மா. நான், வீட்டுல, ரெண்டு பொண்ணுங்க.”

“வேற யாரும் இல்லையே?”

“வேற யாரும் இல்லம்மா.”

சொல்லிவிட்டுத் திரும்பியபோது அக்கா மாடிப்படியில் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் இறங்கி வந்திருப்பாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். இது அக்கா, வீடு பார்க்கக் கூட வந்தாங்க என்று வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னான், அது பொய்யில்லை என்பதால் சுலபமாக வந்தது. அக்கா சிரித்தாள், அந்த அம்மாளும் சிரித்தாள். கொஞ்ச நாள் போனால் விருந்தாளி மாதிரி வந்து அப்படியே தங்கிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் ஊர் திரும்புகிற வழியெல்லாம் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் நாலு என்று சொன்ன அந்த நொடியில், பிஸ்கட் பாக்கெட்டில் சிரிக்கிற குடும்பம் போல அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று கச்சிதமாக இருந்தது என்பதையும், அது அவனுக்குப் பிடித்திருந்தது என்பதையும் அவன் பிரமிளாவிடம்கூடச் சொல்லவில்லை.

குடிவந்த அன்று பிரமிளா அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினாள். அக்கா கீழே லாரிக்காரர்களிடம் கிரைண்டரைப் பதனமாக இறக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கியது, டம்ளரில் ஊற்றினார்கள், அக்காவைக் கூப்பிட்டார்கள், அவள் இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வலது காலை எடுத்து வாசலுக்குள் வைத்தாள். அதே நொடியில் இசக்கிராஜன் கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றான். கையில் பால் டம்ளர் இருந்தது. நுரைகூடச் சிந்தவில்லை.

எதிர்வீட்டுக் கருணாகரன் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“எத்தனைன்னு சொன்னீங்க?” என்று கேட்டார்.

“நாலு.”

“உள்ள?”

“அஞ்சு.”

“அதான்” என்றார் கருணாகரன். “ஆறிடப் போகுது, குடிங்க.” திரும்பவும் ஸ்கூட்டரைக் கழுவ ஆரம்பித்தார்.

இவன் மாடிக்கு ஓடினான், இவன் உள்ளே நுழைந்ததும் பிரமிளா கரண்டியோடு தெருவில் நின்றாள். பிரமிளா ஏறி வந்ததும் தாரிகா ஒற்றைச் செருப்போடு தெருவில் நின்று கைகொட்டிச் சிரித்தாள், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று குதித்தாள். மூத்தவளுக்குத்தான் விஷயம் முதலில் உறைத்தது. “நான் குளிச்சிட்டு இருக்கும்போது இப்படி ஆச்சுன்னா?” என்று கேட்டாள். அக்கா கொப்பரையைக் கீழே வைத்துவிட்டு, “இதுக்கு ஏன் மொகத்தத் தொங்கப் போடுதீங்க? நான் செத்த கீழ நிக்கேன்” என்று சொல்லி இறங்கிப் போய் முற்றத்தில் நின்றாள். வீடு அமைதியாயிற்று. அவளுக்கென்று ஊற்றிய பாலைத் தாரிகா கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அல்லிக்குளம் நகரில் இது ஒரு செய்தியே இல்லை. வேறு ஊரில் கொசுத் தொல்லைக்கு எப்படிப் பழகுகிறார்களோ அப்படி அங்கே பழகியிருந்தார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சொல்லாமல் விட்ட ஒருவர் இருந்தார். மாமனார், வேலை போன மைத்துனர், ஊரிலிருந்து காலேஜுக்கு வந்த அண்ணன் மகன், கருணாகரன் வீட்டில் அவர் மாமியார். அவர்களுக்குப் பார்க்குக்காரங்க என்று பேர், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் கூடிவிட்ட வேளையில் அவர்கள் தெருக்கோடிப் பூங்காவில்தான் இருந்தார்கள். குடியிருப்போர் சங்கம் அந்தப் பூங்காவில் கொட்டகை போட்டு, காற்றாடி மாட்டி, செல்போனுக்கு மின்சாரம் கொடுத்து, ஆண்டுக் கூட்டத்தில் கொசுவலைக்கும் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பால்காரர் காலையில் முதலில் பூங்காவுக்குப் போய்விட்டுத்தான் தெருவுக்குள் வருவார். ஏன் இப்படி என்று கேட்டவர்களும் உண்டு. குளம் நிறைந்தால் மிஞ்சின தண்ணி கலிங்கு வழியாப் போகும்ல, இது குளத்து மண்ணு, அதுக்கு அந்தப் புத்தி போகலை என்று ஒருவர் சொன்னார், அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

ஆனால் வழிமுறைகளை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். நாலு பேர் யார் யார் என்பதைப் பற்றி வீட்டுக்குக் கவலையில்லை, நாலு என்றால் நாலு. விருந்தாளியை வீடு எண்ணாது, விருந்தாளி விருந்தாளியாக இருக்கிறவரைக்கும். சொன்னதைவிட ஆள் குறைந்தால் பகலில் வீடு கண்டுகொள்ளாது, போனவர்கள் வருவார்கள் என்று பொறுத்திருக்கும். படுக்கிற வேளைக்குப் பொறுக்காது. தாழ்ப்பாளைப் போட்டால் தானாகத் திறந்துகொள்ளும். பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையில் மூன்று பேர் என்று சொல்லிக் குடிவந்த இளம் ஜோடிகள் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் படுப்பார்கள், குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த இரவு தாழ்ப்பாள் திறக்காமல் நின்றதும் மறுநாள் தெருவுக்கே அல்வா கொடுப்பார்கள்.

மூன்றாவது வீட்டு எப்சிபா டீச்சர் கணவர் இறந்த நாளிலிருந்து வாசல் கதவை நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் படுத்தார். இரண்டு பேர் என்று சொன்ன வீடு அது. அக்கா பூங்காவில் பாயை விரிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு டீச்சர் கூட்டிக்கொண்டு போனார். அன்றிரவு தாழ்ப்பாளைத் தள்ளியதும் அது போய் விழுந்த சத்தத்தைக் கேட்டு டீச்சர் அழுதுவிட்டதாக அக்கா மறுநாள் சொன்னாள். “நல்ல மனுசி. ரேடியோவுல மட்டும் சத்தத்த கூட்டி வச்சிருதாங்க” என்றாள்.

அதன் பிறகு இப்படி ஒரு நடைமுறை வந்தது. காலையில் இசக்கிராஜன் அலுவலகம் கிளம்பியதும் அக்கா வருவாள். பிரமிளாவும் அவளுமாகச் சமைப்பார்கள், துவைப்பார்கள், சாயங்காலம் பிள்ளைகள் வந்தால் அவள்தான் தலைவாரிப் பின்னிவிடுவாள், அதுவரைக்கும் எல்லாம் சங்கரன்கோவிலில் இருந்த மாதிரியே இருக்கும். ஏழு மணி வாக்கில் இவன் தெருமுக்கில் திரும்புவதை மாடியிலிருந்து பார்த்ததும் அக்கா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள். படியில் இருவரும் எதிர்ப்படுவார்கள். “கத்திரிக்காய் புளிக்குழம்பு இருக்கு, சூடா சாப்பிடு” என்று சொல்லிக்கொண்டே அவள் போவாள். ஒரு வீட்டுக்குள் தான் நுழைவதற்காக ஒருத்தி வெளியேறுகிறாள் என்பதை ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு மனிதன் கண்ணால் பார்க்கவேண்டியிருந்தால் அவன் என்ன ஆவான்? இசக்கிராஜன் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார ஆரம்பித்தான். ஒருநாள் பூங்காவிலேயே இருந்துவிடலாம் என்று பார்த்தான். அக்கா தேடி வந்துவிட்டாள். “வேலைக்குப் போயிட்டு வந்த மனுசன் தெருவுலயா நிப்ப? பிள்ளைக அப்பாவ எங்கன்னு கேக்குதுக, எந்திரி” என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா விருந்தாளியாக வந்தாள். அதற்கும் முறை இருந்தது. மணியடிக்க வேண்டும். செருப்பை வெளியே பார்க்கத் திருப்பி விட வேண்டும். “வாங்க, வாங்க” என்று அவன் சொல்ல வேண்டும், பிறந்ததிலிருந்து வா போ என்று கூப்பிட்ட அக்காவை. பழக்கத்தில் ஒரு தடவை வாக்கா என்று சொல்லிவிட்டான், நிவேதினி தெருவில் நின்றாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொள்வாள், தண்ணீர் கொடுத்தால், இருக்கட்டும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்குவாள், குடித்த டம்ளரைக் கழுவக் கூடாது. கழுவப் போனாள் ஒருநாள், பிரமிளா தயிர்ப் பாத்திரத்தோடு தெருவில் நின்றாள்.

“பிள்ளைக நல்லாப் படிக்காங்களா?” என்று அக்கா கேட்பாள், முந்தின நாள் அவள்தான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருப்பாள்.

“படிக்கிறாங்க. அடிக்கடி வாங்கக்கா” என்பான் அவன்.

“வாரேன், வாரேன். நேரமாவுது” என்று அவள் எழுந்துகொள்வாள். தாரிகாவுக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. அத்தை போனபிறகு அவளும் நாற்காலியில் உட்கார்ந்து, இருக்கட்டும் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்ப்பாள்.

பிரமிளா அவனிடம் பலதடவை சொல்லிவிட்டாள். “கீழ போய் அஞ்சு பேருன்னு சொல்லிருங்க. மதினிய வாசல்ல வச்சு முகத்தப் பாக்க முடியல எனக்கு.” சொன்னால் மாறும் என்றுதான் தெருவில் எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னவர்களைத்தான் காணோம். “சொல்லிடலாங்க” என்றார் கருணாகரன், மாமியாருக்குத் தூக்குச்சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போகிற வழியில். “யாரை மறைச்சேன்னு கேப்பாங்கல்ல. அதுக்குத்தான் வாய் வரமாட்டேங்குது.” இசக்கிராஜனும் காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றான், அரையாண்டு முடியட்டும் என்றான், பாதி வருஷத்தில் காலி பண்ணச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் படிப்பு என்னாவது என்று பிரமிளாவிடம் சத்தம் போட்டான். அக்காவும் ஒருகாலத்தில் தம்பி படிப்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டவள்தான் என்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது, வந்ததால் இன்னும் உரக்கச் சத்தம் போட்டான். பொங்கலுக்கு வீட்டுக்கார அம்மாள் கரும்பு கொடுத்தனுப்பினாள். நாலு கரும்பு. அன்றைக்கு விருந்தாளியாக வந்த அக்காவுக்கு அவன் தன் கரும்பை ஒடித்துக் கொடுத்தான், பல்லு ஆடுதுப்பா என்று சொல்லி அதை அவள் தாரிகாவிடம் கொடுத்துவிட்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரிகாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை, அத்தை, அத்தை என்று அனத்திக்கொண்டே கிடந்தாள். அக்கா வந்து மணியடித்தாள், செருப்பைத் திருப்பி விட்டாள், வாங்க என்றான், நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள், அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். மடியில் கிடந்த கைகள் ஒன்றையொன்று பிசைந்தன. பிறகு எல்லாவற்றையும் மறந்து எழுந்து, “என் ராசாத்தி” என்று குனிந்து பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தாள்.

கை மெத்தையில் பட்டது. கட்டிலில் பிள்ளை இல்லை.

கீழே குப்பை வண்டிக்காரன் பிரேக் போட்ட சத்தம் தெருவையே உலுக்கியது. கொதிக்கிற தார் ரோட்டில், போர்வையைச் சுற்றியபடி, கண்ணைத் திறக்காமல் தாரிகா படுத்துக்கிடந்தாள், வண்டியின் சக்கரம் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முதலில் ஓடியவள் அக்காதான். செருப்பில்லாமல் ஓடிப் பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்வரைக்கும் வந்து, பிரமிளாவின் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. இசக்கிராஜன் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது அவள் அதை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு எப்சிபா டீச்சர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலை பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. இசக்கிராஜன் கீழே போனான். மரகதவல்லியம்மாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நாங்க அஞ்சு பேரும்மா” என்றான். “எங்க அக்காவும் எங்களோடதான். நான் அன்னைக்கு மறைச்சுட்டேன்.”

அந்த அம்மாள் நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. கூடப்பொறந்தவ கூட இருக்கிறதுக்கு நான் ஏன் வேணாங்கப்போறேன்? இங்க தண்ணிக்கு என்ன குறைச்சல்?”

“எத்தனை பேருன்னு நீங்க கேட்டீங்களேம்மா.”

“பொங்கலுக்குக் குடி இருக்கிறவங்களுக்கு ஆளுக்கொரு கரும்பு குடுக்கிறது எங்க வீட்டு வழக்கம். எத்தனைன்னு தெரிஞ்சாத்தானே வாங்க முடியும்?”

இசக்கிராஜன் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மாளுக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது போல, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

“நீங்க வேற யாரும் இல்லைன்னு சொல்லும்போது அவங்க உங்களுக்குப் பின்னாடி படியிலதான் நின்னாங்க. நான் அவங்க முகத்தைப் பார்த்தேன், அவங்க சிரிச்சாங்க. சரி, அவங்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தான் போலன்னு விட்டுட்டேன்.”

டீச்சர் வீட்டு மாடியில் அக்கா கூழ்வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதும் வெயிலில் கண்ணைச் சுருக்கி, “பிள்ளைக்கு விட்டுருச்சா?” என்று கேட்டாள்.

“விட்டுருச்சு. அக்கா, அஞ்சுன்னு சொல்லிட்டேன்.”

“நல்லதாப் போச்சு. இனி பிள்ளைக தெருவுல போய் விழாது.”

“நீ அன்னைக்குப் படியில நின்னியாமே.”

அக்கா இரண்டு வத்தல் பிழிந்தாள். அச்சைத் தட்டினாள்.

“நின்னேன். நீ திரும்பி, இல்லம்மா அஞ்சு பேருன்னு சொல்லுவன்னு நினைச்சேன். அதான் கொஞ்ச நேரம் இறங்காம நின்னேன்.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாம்ல. செருப்பால அடிச்சிருக்கலாம்ல.”

“தண்ணி நல்லாருந்துச்சுல” என்றாள் அக்கா. “பிள்ளைகளுக்கு ஆகும்னு பட்டுச்சு.”

அவன் அந்தச் சுடுதரையில் உட்கார்ந்து அழுதான். அக்கா தடுக்கவில்லை, அழுது முடிக்கட்டும் என்று வத்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வா என்றான். சாயங்காலம் வாரேன் என்றாள்.

சாயங்காலம் வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். இருந்தும் மணியடித்தது. அக்கா கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றாள், செருப்பை வெளியே பார்க்கத் திருப்பி விட்டாள். “வாக்கா” என்றான் இசக்கிராஜன், அடிவயிற்றிலிருந்து. அவள் உள்ளே வந்தாள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், தாரிகா பால்கனிக்கு ஓடித் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, யாருமே விழலை என்றாள். பிரமிளா அக்காவின் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். அக்கா குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தாள், கண்ணை மூடினாள், அப்படியேதான் இருக்கு என்றாள். தோசை சுட்டார்கள். ஐந்து தட்டு வைத்து ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அந்த வீட்டில் முதல் தடவையாக. சாப்பிட்டு முடித்ததும் அக்கா கை கழுவிவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி, நேரமாவுது. நான் கிளம்புதேன்” என்றாள்.

“எங்க கிளம்புற? உன் பாயெல்லாம் எங்க? அக்கா, இப்ப நாம அஞ்சு பேரு” என்றான்.

“டீச்சர் தனியா இருப்பாங்கல்ல. அங்க ரெண்டு பேருன்னு சொன்ன வீடு. என்னையும் சேத்து ரெண்டு.” அவன் முகத்தைப் பார்க்காமல் தாரிகாவின் தலையைத் தடவினாள். “பகல்ல எப்பவும் போல வாரேன். எங்க போயிரப் போறேன், மூணாவது வீடு.”

எழுந்து வாசலுக்குப் போனவள் ஏதோ மறந்ததுபோல நின்று, மஞ்சள் பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றுச் சுருளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“டீச்சர் குடுத்துவிட்டாங்க. அவங்களுக்கு இனி வேண்டாமாம். உனக்கு வேணுமா இருக்கும்னாங்க.”

அவள் படியிறங்கிப் போய், தெருவில் நடந்து, மூன்றாவது வீட்டுக்குள் நுழைகிறவரைக்கும் அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வீட்டுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் அவனுக்குக் கேட்டது. பிள்ளைகள் படுத்ததும் அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினான். அது மெல்லப் பின்வாங்கித் திறந்துகொண்டது. திரும்பவும் தள்ளினான், திரும்பவும் திறந்தது. கதவு காற்றில் ஆடிய சத்தம் கேட்டு, பூங்காவிலிருந்து காலித் தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருந்த கருணாகரன் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தார்.

“எத்தனைன்னு சொன்னீங்க?”

“அஞ்சு.”

“உள்ள?”

“நாலு.”

“அதான்” என்றார் கருணாகரன். இந்தத் தடவை உடனே போகவில்லை, தூக்குச்சட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு தன் வீட்டுக்குப் போகாமல், வந்த வழியே பூங்காவைப் பார்த்து நடந்தார்.

இசக்கிராஜன் கயிற்றைப் பிரிக்கவில்லை. விருந்தாளி நாற்காலியைத் திறந்த கதவுக்கு நேரே இழுத்துப் போட்டு, மூன்றாவது வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான்.